குளச்சல் வலைக்கொட்டகைப் பூனைகள்: கூட்டுக்குள் வராத ஒன்றை எப்படிப் பிடிப்பது?

ஐஸ்பெட்டி, குளச்சல் (மே 19)

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுப் போகிறவளாகத்தான் இருந்தேன். ஒரு பூனை என்னை எழுத வைத்துவிட்டது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கம்பெனிக்குப் பின்னால் அப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்து கிழிந்த வலை பின்னும் கொட்டகை இருக்கிறது. அங்கேதான் பூனைகள். போன கிறிஸ்மஸுக்கு உட்கார்ந்து எண்ணினேன், 14. ஒரே ஆள் எண்ணினால் சில பூனை இரண்டு தடவை வந்துவிடும் என்று செல்போனில் ஒவ்வொன்றையும் படம் எடுத்துவைத்து எண்ணிய கணக்கு இது.

திங்கள்சந்தையில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி இரண்டு கூடு செய்தேன். ஜனவரியில் ஆரம்பித்து ஏப்ரலுக்குள் 12 பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்துவிட்டது. 8 பெட்டை, 4 கடுவன். எல்லாவற்றுக்கும் மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியை நேராக வெட்டிவிட்டார்கள், அதனால் ஆபரேஷன் ஆனது எது, ஆகாதது எது என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. செலவைப் பற்றிக் கேட்காதீர்கள், சீட்டுப் பணம் போனது.

மிச்சம் இரண்டு. ஒன்று தடியன் என்று நாங்கள் கூப்பிடும் மண்டை பெருத்த கடுவன். அது வந்தால் வரும், போனால் பத்து நாள் ஆளைக் காணாது. இன்னொன்று முறிவாலி. சாம்பல் வரி, வயிறு வெள்ளை, வால் நடுவில் முறிந்து தூண்டில் மாதிரி வளைந்திருக்கும். கேள்வி இவளைப் பற்றித்தான்.

பிப்ரவரியில் ஒரு தடவை உள்ளே வந்தாள். என் கூடு இரண்டரை அடி நீளம்தான். அவள் பின்னங்கால் வெளியே இருக்கும்போதே கதவு முதுகில் விழுந்தது. ஒரு உதறு உதறி ஓடியவள்தான். அதற்குப் பிறகு கூடு வைத்தால் ஆறடி தள்ளி ஒரு மீன் பெட்டிமேல் உட்கார்ந்து மற்றப் பூனைகள் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எல்லாம் ஓய்ந்த பிறகு இறங்கி வந்து, கூட்டின் பின்பக்கமாகப் போய், கம்பி இடைவெளியில் ஒரு கையை விட்டு, நகத்தில் சாளை மீனின் செதிலைக் கொத்தி, பைய இழுத்து, தலை கம்பியில் மாட்டிக்கொண்டால் திருப்பிப் போட்டு வால் பக்கமாக இழுத்து எடுத்துக்கொண்டு போவாள். நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். இரண்டு மாதமாக அவளுக்கு நான்தான் சாளை சப்ளை.

ஏப்ரல் பாதியில் பழைய வலைக் குவியலுக்குள் மூன்று குட்டி போட்டுவிட்டாள். 14 மறுபடி 17. குட்டிகளுக்கு இப்போது ஐந்து வாரம், தாய் கொண்டுவரும் மீனை நக்க ஆரம்பித்துவிட்டன. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததுக்குச் சினை பிடித்துவிடும் என்கிறார்களே, அதுதான் பயம்.

பால் கொடுக்கிற பூனையைப் பிடிக்கலாமா? ஜூன் பிறந்தால் மழை, ஆபரேஷன் முடிந்து எங்கே வைப்பது? அதைவிட முதலில், எப்படிப் பிடிப்பது?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. பிப்ரவரியில் ஒரு மூவண்ணப் பூனையைக் கொடுத்துவிட்டு வந்தேன். டீசல் பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது டாக்டர் போன் செய்தார். "வயித்துல நாலு இருக்கும்மா, செய்யட்டுமா?" என்றார். "செய்யுங்க சார்" என்றேன். போனை வைத்த பிறகு அந்த பில்லை மூன்று தடவை கூட்டினேன், மூன்று தடவையும் வேறு வேறு தொகை வந்தது. அம்மா தினமும் செபமாலை சொல்கிறவள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எல்லாம் இந்த இடத்தில் என்ன செய்கிறீர்கள்?

-----

புன்னைநகர்வாசி (மே 19)

இவ்வளவு பணம் செலவழித்து ஆபரேஷன் செய்து திரும்ப அதே இடத்திலேயே விடுவது எனக்குப் புரியவில்லை. பிடித்ததுதான் பிடித்தீர்கள், ஊருக்கு வெளியே நாலு கிலோமீட்டர் தள்ளி விட்டால் வேலை முடிந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சோறு வைத்து வைத்து இப்போது மாடிக்குப் போனால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். துவைத்த துணியில்கூடப் பீய்ச்சிவிட்டுப் போகிறது. சோறு வைக்கிறவர்களுக்குப் புண்ணியம், நாற்றம் எங்களுக்கு.

-----

வள்ளக்காரன் (மே 20)

புன்னைநகர் அண்ணாச்சி, நீங்கள் சொன்னதை நாங்கள் செய்து பார்த்தவர்கள். எங்கள் கரையில் மூன்று வருடத்துக்கு முன்பு ஒன்பது பூனையைச் சாக்கில் கட்டி மண்டைக்காட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டோம். நானும்தான் சாக்கைப் பிடித்தேன், மறைக்கவில்லை. அதில் இரண்டு ஒரே வாரத்தில் திரும்பி வந்தன. ஒன்று ரோட்டில் அடிபட்டுக் கிடந்ததை நானே பார்த்தேன். மற்றவை என்ன ஆயின என்று யாருக்குத் தெரியும்.

அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் வலையை மடித்துக் கொட்டகையில் போட்டிருந்தோம். பிரித்துப் பார்த்தால் நடுமடிப்பில் எலி கூடு கட்டிக் குட்டி போட்டிருக்கிறது. மீன் வாடை ஊறிய வலை, எலிக்கு அதைவிட என்ன வேண்டும். ஒரே இடத்தில் கடித்திருந்தால் பின்னிவிடலாம், மடிப்பு மடிப்பாக உள்ளே போயிருந்தது. விரித்தால் ஒரே அளவில் வரிசையாக ஓட்டை, தையல் மெஷினில் போட்ட மாதிரி. பூனையைக் கொண்டுவிட்டு மிச்சம் பிடித்த சோற்றையெல்லாம் எலிக்குக் கொடுத்தோம்.

ஐப்பசிக்குள் சந்தைப் பக்கமிருந்து புதுப் பூனைகள் வந்து குடியேறிவிட்டன. மீன் கழிவு கிடக்கிற இடம் காலியாகவா இருக்கும்? இதுகள் எல்லாம் ஒன்றையொன்று தெரியாதவை. ராத்திரி முழுக்கச் சண்டை. பழையவையே தேவலாம் என்று ஆகிவிட்டது.

தங்கச்சி, நீ செய்வது சரியான வேலை. முறிவாலிக்கு யோசனை சொல்ல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்று: ஜூன் 1 வரட்டும், தடைக்காலம் ஆரம்பித்துவிடும். விசைப்படகு கரையில் நின்றால் ஏலக்கூடத்தில் கழிவு விழாது. வள்ளம் (நாட்டுப்படகு) போகும் வரும், ஆனால் அந்த மீன் பூனைக்கு மிஞ்சாது. பசி வந்தால் புத்திசாலிப் பூனையும் கொஞ்சம் முட்டாளாகும்.

-----

பத்மநாபபுரம் டீச்சர் (மே 20)

மக்களே (ஒருத்தியைத்தான் சொல்கிறேன், மற்ற ஜில்லாக்காரர்கள் குழம்ப வேண்டாம்),

ஆறு வருடமாக இந்த வேலை செய்கிறேன். ரிட்டயர் ஆன பிறகு வீட்டுக்காரர் தோட்டம் போட்டார், நான் பூனை பிடிக்கப் போனேன். உன் முறிவாலி மாதிரி நாலு பேரைப் பார்த்துவிட்டேன். அவள் புத்திசாலி என்பதைவிட, அவளுக்குப் பாடம் நடத்தியது நாம்தான். இரண்டரை அடிக் கூடு பூனைக்குப் போதாது. மூன்று அடியாவது வேண்டும். மிதிதகட்டில் (மிதித்தால் கதவு விழுகிற தகடு) கால் படும்போது வாலும் சேர்த்து உள்ளே இருக்கவேண்டும்.

முதலில் பத்து நாள் பிடிக்கிற எண்ணத்தையே விட்டுவிடு. கூட்டின் கதவைத் தூக்கிக் கம்பியால் கட்டிவிடு, எது நடந்தாலும் விழக்கூடாது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே குரலில் கூப்பிட்டு அதற்குள்தான் சாப்பாடு. முதல் நாள் வாசலில், மறுநாள் ஒரு சாண் உள்ளே, அப்படியே கடைசிவரை. பூனைக்குக் கம்பிமேல் கால் வைப்பது பிடிக்காது, தரையில் நாலு மடிப்புச் செய்தித்தாள் விரி. மிதிதகடும் அதற்குள் மறைந்துவிடும். பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் பழைய கைலியால் மூடிவிட்டால் அந்தக் கைவேலை நடக்காது. முன்வாசல் வழியாக வந்தால்தான் மீன் என்று அவளுக்குப் புரியட்டும்.

இதில் பாதிப் பூனை விழுந்துவிடும். உன்னுடையது விழும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் கவிழ்க்கிற கூடு ஒன்று செய்துவை. உன் அப்பா வலை பின்னுகிறவர் என்கிறாய், உனக்கு இது இலவசம். மூன்றுக்கு மூன்று அடி மரச்சட்டம், ஒரு அடி உயரம், மேல்பக்கமும் நாலு பக்கமும் வலை. கண் சின்னதாக இருக்கட்டும், தலையை விட்டு மாட்டிக்கொள்ளக்கூடாது. பூனை முட்டித் தூக்க முடியாத கனம் வேண்டும், லேசாக இருந்தால் சட்டத்தில் இரும்புக் கம்பி கட்டு. ஒரு பக்கத்தில் ஒரு சின்ன ஏற்றுக்கதவு வை. எதிர்ப்பக்கத்தைத் தூக்கி ஒரு தண்ணீர் பாட்டிலை நிறைத்து முட்டுக்கொடு. குச்சியைவிட பாட்டில் நல்லது, காற்றுக்கு விழாது. பாட்டில் கழுத்தில் முப்பது அடி நைலான் கயிறு. நீ கயிற்றுமுனையில் உட்கார்ந்து வேறெங்கேயோ பார்ப்பதுபோல் இரு. பூனைக்கு இது கூடாகவே தெரியாது, ஒரு கூரை, அவ்வளவுதான்.

கயிறு இழுக்கிற நேரம் முக்கியம். ஐந்தாம் வருடம், அனுபவம் வந்துவிட்டது என்ற திமிரில் அவசரப்பட்டு இழுத்தேன். ஓரத்தில் நின்ற குட்டியின் தோள்மேல் சட்டம் விழுந்தது. எலும்பு முறியவில்லை, ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எல்லாத் தலையும் தட்டில் குனிந்திருக்கவேண்டும், ஓரத்தில் யாரும் இருக்கக்கூடாது. இன்றைக்கு அமையவில்லை என்றால் சாப்பிட்டுப் போகட்டும் என்று விடு. நாளைக்கும் வரும்.

விழுந்ததும் ஓடிப்போய்ப் பெரிய போர்வையால் மூடு. ஒரு நிமிடம் தலைகீழாகக் குதிக்கும், இருட்டானதும் அடங்கிவிடும். பிறகு ஏற்றுக்கதவோடு சாதாரணக் கூட்டின் வாசலை ஒட்டவைத்து, அந்தக் கூட்டைமட்டும் மூடாமல் விடு. வெளிச்சத்தைப் பார்த்து அதுவே அந்தப் பக்கம் பாயும். கையை உள்ளே விடாதே. என்ன நடந்தாலும் கையை உள்ளே விடாதே.

குட்டி இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. குட்டிகள் கையில் கிடைத்தால் ஒரு சின்னக் கூடையில் வைத்து, கூட்டின் பின்முனையோடு ஒட்டி, இரண்டையும் சேர்த்துத் துணியால் மூடிவிடு. தாய்க்குக் குரல் கேட்கும், போகிற வழி கூட்டின் வாசல் மட்டும்தான். வெயிலிலோ மழையிலோ செய்யாதே, அரைமணிக்கு மேல் இழுக்காதே. குட்டியை மிதிதகட்டுப் பக்கத்தில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது வேண்டாம்.

தடைக்காலம் பற்றி வள்ளக்காரத் தம்பி சொன்னது சரி. கிழக்குக் கரைச் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, உங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே ஜில்லாவில் இரண்டு கணக்கு. நான் சின்னமுட்டத்தில் மே மாதம் முடித்துவிட்டு அந்தக் கூடுகளைத் தூக்கிக்கொண்டு ஜூனில் முட்டம் பக்கம் போவேன். பசியைப் பயன்படுத்து, பட்டினி போடாதே. பிடிக்கிற முந்தின நாள் ஒருவேளை நிறுத்தினால் போதும். தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும்.

உன் மூவண்ணப் பூனையைப் பற்றி. நான் செய்யச் சொல்லிவிடுவேன். நாள் நெருங்கிவிட்டால் முடிவை டாக்டரிடம் விட்டுவிடுவேன். முதல் தடவை வீட்டுக்கு வந்து சோறு பொங்கவில்லை, அவர் கடையில் வாங்கி வந்தார். இப்போதும் லேசாக இல்லை. போன வருடம் சக்கைக் (பலாப்பழக்) காலத்தில் பிறந்த குட்டிகளில் மழைக்குப் பிறகு உன் கொட்டகையில் எத்தனை மிஞ்சின என்று அப்பாவைக் கேள். அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு, பூனைக்கு அதில் சம்பந்தம் இல்லை.

புன்னைநகர் சார், உங்கள் நாற்றத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று வருத்தப்படாதீர்கள். பீய்ச்சுவது பெரும்பாலும் ஆபரேஷன் ஆகாத கடுவன். காயடித்த பிறகு அந்த வாடையும் ராத்திரிச் சண்டையும் மிகவும் குறைந்துவிடும், உடனே அல்ல, சில வாரம் ஆகும். மாடியில் உங்கள் சிமெண்டுத் தொட்டியில் மண் காய்ந்து கிடந்தால் அதுதான் அவற்றுக்குக் கக்கூஸ், மேலே சரளைக் கல் பரப்பிவிடுங்கள். சோறு வைக்கிறவர்களோடு தகராறு என்றால், 2023-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் வைப்பது என்பதைக் குடியிருப்போர் சங்கமும் உள்ளாட்சியும் பேசி ஏற்பாடு செய்யவேண்டும் என்று இருக்கிறது. உட்கார்ந்து பேசுங்கள்.

-----

புன்னைநகர்வாசி (மே 20)

சரளைக் கல் பரப்பிப் பார்க்கிறேன். சங்கத்தில் பேசுவதெல்லாம் நடக்கிற காரியமா டீச்சர், அங்கே கார் நிறுத்துவதற்கே மூன்று வருடமாகப் பேசுகிறார்கள். ஒருத்தர் மீனில் எலிமருந்து கலந்து வைக்கலாம் என்றுகூடச் சொன்னார். நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

-----

ஊசிமருந்து, நாகர்கோவில் (மே 21)

நான் டாக்டர் இல்லை. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் 14 வருடமாக உதவியாளாக இருக்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எலிமருந்துக்காரரிடம் சொல்லுங்கள், 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் விலங்கைக் கொன்றால் 5 ஆண்டு வரை சிறை. 1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டம் தனி. அந்த மீனை எடுப்பது பூனைதான் என்று என்ன நிச்சயம், பக்கத்து வீட்டுக் கோழியும் எடுக்கும்.

பால் கொடுக்கிற பூனைக்கு ஆபரேஷன் செய்யலாம். ஆனால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வயிற்றின் நடுவில் கீறாமல் விலாப்பக்கமாகச் செய்வார்கள், பால்மடியில் கத்தி படாது. ஆபரேஷனால் பால் வற்றாது. குட்டி திடமாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டதால் ஒருநாள் தாய் இல்லாமல் தாங்கும். இன்னும் இரண்டு மூன்று வாரம் கழித்து வந்தால் எங்களுக்கு நிம்மதி. மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம்தான், குட்டியே ஐந்து மாதத்தில் சினையாகிவிடும்.

விலாத் தையலில் இன்னொரு லாபம், பூனை நடந்து போகும்போதே தையல் சிவந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துவிடலாம். தானே கரைகிற நூலால் தைக்கச் சொல்லுங்கள். பிரிக்க மறுபடி பிடித்துக்கொண்டு வர உங்களால் முடியாது, முறிவாலியை நிச்சயம் முடியாது.

வளர்ந்த பூனைக்கு ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் சாப்பாடு வேண்டாம். குட்டிக்கு அப்படிச் செய்யக்கூடாது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் வயிறு காய்ந்தால் மயக்கத்திலிருந்து எழும்புவது கஷ்டமாகிவிடும். குட்டி ஒரு கிலோ எடை வந்த பிறகு கொண்டுவாருங்கள்.

முடிந்து கொடுக்கும்போது தலை ஆடிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள், நிற்கட்டும் என்று சொல்லுங்கள். மயக்கம் தெளிகிற பூனைக்கு உடம்பு சில்லிட்டுப்போகும், கீழே சாக்கும் துணியும் போட்டு மூடிவையுங்கள். தலை நிலையாக நின்ற பிறகுதான் சாப்பாடு. கடுவன் ஒரு ராத்திரி, பெட்டை இரண்டு மூன்று ராத்திரி நனையாத இடத்தில் இருக்கட்டும். பால் கொடுக்கிறவளுக்கு இது பொருந்தாது, முழித்து நன்றாக நடந்தால் மறுநாளே குட்டியிடம் சேர்த்துவிடுங்கள், மூன்றையும் அவளோடு ஒரே அறையில் வைக்க முடிந்தால் ரொம்ப நல்லது. கீழே மணலும் மரத்தூளும் போடாதீர்கள், தையலில் ஒட்டும்.

காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் கொண்டுவருகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். பூனைக்கு அது விஷம், அரை மாத்திரையே போதும். கூட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவுகிறவர்கள் இன்னும் அதிகம். அதுவும் பூனைக்கு ஆகாது, போதாக்குறைக்குப் பூனைகளுக்குள் பரவுகிற அந்தக் கழிச்சல் வைரஸும் அதில் சாகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் நனையவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவையுங்கள்.

கடித்தால், கீறினால், அது சின்னக் குட்டியாக இருந்தாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை. அடிக்கடி பூனை பிடிக்கிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே 0, 7, 21-ஆம் நாள் என்று மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். டீச்சர் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

-----

பத்மநாபபுரம் டீச்சர் (மே 21)

போட்டாயிற்று தம்பி. கடியும் வாங்கியாயிற்று. கையை உள்ளே விடாதே என்று இரண்டு தடவை எழுதினது எதற்கு என்று நினைத்தீர்கள்?

-----

ஐஸ்பெட்டி, குளச்சல் (மே 22)

எல்லாருக்கும் நன்றி. தலை ஆடும்போது வாங்காதே என்று ஊசிமருந்து அண்ணன் எழுதினதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஜனவரியில் முதல் கடுவனை ஒரு கிளினிக்கில் (பேர் வேண்டாம்) சாயங்காலம் ஆறு மணிக்கு அரைமயக்கத்தில் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்றும் தெரியாது, அப்படியே கொட்டகையில் திறந்துவிட்டேன். தள்ளாடிக்கொண்டே ஐஸ் லாரிக்கு அடியில் போய்விட்டது. ஒன்பது நாள் காணவில்லை. பத்தாம் நாள் எலும்பும் தோலுமாக வந்து நின்றது. அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த பூனையிலிருந்து டாக்டரை மாற்றிவிட்டேன்.

இன்றைக்கே கதவைக் கம்பியால் கட்டிவிட்டேன். பார்ப்போம்.

-----

ஐஸ்பெட்டி, குளச்சல் (ஜூன் 17)

பிடித்துவிட்டோம்!

டீச்சர் சொன்னபடிதான் நடந்தது, விழமாட்டாள் என்று சொன்னதும் சேர்த்து. கட்டிவைத்த கூட்டுக்குள் ஆறாம் நாளே போய்விட்டாள். எட்டாம் நாள் உள்ளேயே சாப்பிட்டு, திரும்பி உட்கார்ந்து முகம் கழுவினாள். பதினோராம் நாள் கம்பியை அவிழ்த்தேன். வந்தாள், வாசலில் நின்றாள், தலையைத் தூக்கிக் கதவின் ஓரத்தை மூக்கால் ஒரு தடவை தொட்டாள், மீன் பெட்டிமேல் போய் உட்கார்ந்துகொண்டாள். கம்பி இல்லாததை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம்தான் அப்பாவிடம் போனேன். பழைய அயிலை வலையும் ஒரு உடைந்த கட்டிலின் சட்டமும் சேர்த்து ஒரே சாயங்காலத்தில் கட்டிக்கொடுத்தார். "நாப்பது வருசம் மீனுக்கு வலை கட்டுனேன், கடைசில பூனைக்குக் கட்ட வச்சிட்டியே" என்றார். கட்டினதோடு விடாமல் பாட்டிலில் கயிறு கட்டுகிற முடிச்சையும் அவரே போட்டார், நான் போட்டது முடிச்சே இல்லையாம்.

ஜூன் 9 மழை. 10-ஆம் தேதி மூன்று குட்டியும் அடியில் வந்தன, இவள் வெளியே நின்றாள். இழுக்கவில்லை. 11-ஆம் தேதி காலை ஐந்தே முக்கால், அவித்த சாளை, தண்ணீரோடு கொட்டிவைத்தேன். படகெல்லாம் கரையில், ஏலக்கூடம் காலி, ஒரு காக்காகூட இல்லை. முறிவாலி வந்தாள். இரண்டு குட்டியும் அவளும் தலையைக் குனிந்தார்கள். மூன்றாவது குட்டி ஓரத்திலேயே நின்று பாட்டிலை மோந்துகொண்டிருந்தது. அது அங்கிருந்து நகர்கிறவரை எத்தனை நிமிடம் ஆனதோ தெரியாது, என் உள்ளங்கையில் கயிறு பதிந்துவிட்டது. கடைசியில் அது சலித்துப்போய் வெளியே நடந்தது. இழுத்தேன்.

போர்வையை அப்பாதான் போட்டார். நான் பக்கத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். வெளியே நின்ற குட்டி போர்வைமேல் ஏறிக் கத்தியது, ஒரு மணி நேரம் கழித்து அதுவே சாதாரணக் கூட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அம்மாவுக்கு இருக்கிற மூளை இதற்கு இல்லை.

விலாப்பக்கமாகத்தான் செய்தார்கள், கரைகிற நூல்தான். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். மறுநாளே வாங்கி வந்துவிட்டோம். குட்டிகள் முக்கால் கிலோதான், அதனால் இப்போது இல்லை. கொட்டகை ஒழுகுவதால் நாலு பேரும் எங்கள் வீட்டு விறகுப்புரையில் நாலு நாள் இருந்தார்கள். அங்கே சாப்பாடு வைத்தது அம்மா. அப்போதுதான் பிப்ரவரி விஷயத்தைச் சொன்னேன். அம்மா நிமிரவே இல்லை, மீன் கழுவிக்கொண்டே, "அந்த மூணு கலர் பூனைதானே. பில்லுல எழுதியிருந்துச்சே. அன்னைக்கே குருசடியில ஒரு மெழுகுதிரி வச்சேன்" என்றாள். நாலு மாதமாக இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நேற்றுக் காலை திறந்துவிட்டோம். ஓடுவாள் என்று நினைத்தேன், ஓடவில்லை. வலைக் குவியல்மேல் ஏறி, மழித்த விலாவை ஒரு தடவை நக்கிவிட்டு, ஆறடி தள்ளி இருக்கிற அதே மீன் பெட்டிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். இடது காது நுனி இல்லாமல் முகமே வேறு மாதிரி இருக்கிறது.

தடியன் இன்னும் பாக்கி. நாலு நாளாக ஆள் இல்லை. குட்டிகள் ஒரு கிலோ வர ஜூலை ஆகிவிடும். அதுவரை கவிழ்க்கிற கூடு எனக்குத் தேவைப்படாது, தடியன் சாதாரணக் கூட்டுக்கே வந்துவிடுவான், அவனுக்கு வயிறுதான் எல்லாம். புன்னைநகர் சார், மாடிக்கு வருகிற கடுவனை நீங்கள் பிடிக்கிறதாக இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். பைக்கில் வராது, ஆட்டோ வேண்டும். முடிச்சு எப்படிப் போடுவது என்று அப்பா காட்டித்தருவார்.